எறும்பு வராத ஊறுகாய்

என் அம்மாவுக்கு ஜென்ம விரோதி என்று ஒருவர் உண்டென்றால் அது எறும்புதான். எதிர்வீட்டுக்காரியோடு குழாயடியில் மல்லுக்கு நின்றால்கூடப் பொங்கலுக்குள் ராசியாகிவிடுவாள். எறும்போடு மட்டும் சமாதானப் பேச்சே கிடையாது. வெல்லப் பானையைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் நிறுத்துவாள். அரிசியில் வசம்பு, துவரையில் வேப்பிலை, சர்க்கரை டப்பாவில் கிராம்பு, அலமாரிக் கால்களைச் சுற்றி மஞ்சள் தூள். ஓர் எறும்பு சுவரில் ஊர்ந்தால் போதும், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கூட யார் யார் என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நாங்கள் கேலி செய்வோம். ஒரு வருஷம் நடந்த காரியத்துக்குப் பிறகு அந்தக் கேலி எங்கள் வீட்டில் அடியோடு நின்றுபோனது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து உள்ளே தள்ளி, கம்பெனிகளின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நெல் நிலம், ஓட்டு வீடு, அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை விடவேயில்லை. ரோடு அறுத்துக்கொண்டு போனது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நெல் மூட்டைகள் நனைந்து முளைவிட்டன. கடையிலும் ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால் அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். ஊறின நெல்லின் வாடை அடிக்கிற சோற்றை உப்புக்கல் போட்டுச் சாப்பிட்டோம். தனக்குப் பசியில்லை என்று அம்மா சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

வெள்ளம் வடிந்த பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டாள். "இனிமே இந்த ஊட்ல ஒரு மழைக்காலத்துக்கு சோறும் தொட்டுக்கவும் இல்லாம நான் படுக்க மாட்டேன்" என்று நைனாவிடம் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். சித்திரை வெயில் பட்டால் எங்கள் களத்தில் கால் வைக்க இடமிருக்காது. அரிசி வடாம், வெங்காய வடகம், கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய், உப்புப் போட்ட எலுமிச்சை, கருவாடு, கொட்டை நீக்கி உப்போடு உருட்டிய புளி. ஊரில் எங்கள் வீட்டுக்கு ரேஷன் கடை என்று பெயர். அந்தப் பெயர் வைத்தவர்களும் மழை பெய்தால் கிண்ணத்தோடு எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

அக்காவைப் பள்ளிப்பட்டில் கொடுத்திருந்தோம். கல்யாணமான பிறகு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோனது. மாமியார் வீட்டில் பேச்சு வேறு மாதிரி அடிபட ஆரம்பித்திருந்தது. பையனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அவர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த நிலையில் ஒரு பங்குனியில் அக்காவுக்கு மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் யாரும் சிரித்துக்கூடப் பேசவில்லை. இதாவது நிற்க வேண்டுமே என்ற பயம் எல்லோருக்கும்.

அக்காவுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. வெல்ல ஆவக்காய் ஒன்று இருந்தால் நாலு வாய் இறங்கும் என்று சொல்லியனுப்பினாள். மாங்காய்த் துண்டுகளில் கடுகுப் பொடியும் மிளகாயும் போட்டு ஊறவைத்து, அதோடு வெல்லம் சேர்த்து, நல்லெண்ணெய் மிதக்க விட்டு வெயிலில் வைத்து எடுப்பது வெல்ல ஆவக்காய். ஆந்திரா எல்லையை ஒட்டிய அம்மாவின் தாய்வீட்டுப் பண்டம். அந்த வருஷம் மாங்காய் மலிந்து கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு, வளைகாப்புக்கு, பிரசவத்துக்கு வந்து போகிறவர்களுக்கு, மழைக்காலத்துக்கு என்று அம்மா மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். வீட்டில் இருந்த ஒரே பீங்கான் ஜாடி போதாது என்று தெரிந்தது.

நைனா ட்ரம் வாங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கம்பெனிகளிலிருந்து கழித்துப் போடும் நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்களை ரோட்டோரக் காயலான் கடைகளில் மலையாக அடுக்கி வைத்திருப்பார்கள். குளிக்கிற தண்ணீருக்கு ஒன்று, மாட்டுக் கழனித் தண்ணீருக்கு ஒன்று, விதைநெல்லுக்கு ஒன்று என்று ட்ரம் இல்லாத வீடே கிடையாது. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போதுகூட ஒரு ட்ரம் ஏறும். நைனா கொண்டுவந்தது இடுப்பு உயரம், இறுகப் பூட்டும் மூடி, மூடிக்குள் கறுப்பு ரப்பர் வளையம். காற்றுகூட நுழையாது என்று தட்டிக் காட்டினார்.

அம்மா ஒன்றும் அசட்டையாக எடுத்துக் கொட்டிவிடவில்லை. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வேப்பிலைத் தண்ணீரை நிரப்பி ஊறவிட்டாள், கவிழ்த்துச் சாம்பிராணி காட்டினாள், வெயிலில் வாய் பிளந்து காயவிட்டாள். எல்லாம் ஆன பிறகும் மூக்கை உள்ளே விட்டால் லேசாக ஒரு வாசனை இருந்தது. அழுகப் போகும் கொய்யாப்பழத்தின் வாசனை. புது பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும் என்றார் நைனா. அது புதிதல்லவே என்றேன் நான். வாயாடி என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

ஒரே மாங்காய், ஒரே உப்பு, ஒரே கை. ஜாடி நிறைந்ததும் மீதியெல்லாம் ட்ரம்முக்குப் போனது. வெயிலில் வைத்தார்கள். வெல்லம் இளகி, எண்ணெய் மேலே வந்து, ட்ரம் ஊறுகாய் நாவல்பழ நிறத்துக்கு மாறியது. ஜாடி ஊறுகாயை விடப் பளபளப்பு. ட்ரம்மிலிருந்து எடுத்த முதல் பாட்டிலை நைனா பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா அதைத் தொட்டுக்கொண்டு தட்டு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டாளாம். நைனா திரும்பி வந்து அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

பிறகுதான் அந்த அதிசயம் கண்ணில் பட்டது. ஜாடிக்கு வழக்கம்போல எறும்பு வந்தது. தண்ணீர்த் தட்டு வைத்தும் சுவர் வழியாக, கயிறு வழியாக, எப்படியோ வந்தது. ஆடி மாதம் ஜாடியின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சைகூடக் கட்டியது. பக்கத்திலேயே வெறுந்தரையில் நின்ற ட்ரம்மின் கிட்டே ஓர் எறும்பும் போகவில்லை. எண்ணெயும் வெல்லமும் ஒழுகிக் காய்ந்த வெளிப்பக்கத்தில் ஈகூட உட்காரவில்லை. ட்ரம் வாயில் வேடு கட்டிய துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டால் அது அப்படியே கிடந்தது. நெல் மூட்டையைக் கடித்துக் குதறின எலி அந்தத் துணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. காலமெல்லாம் போட்ட சண்டையில் ஜெயித்துவிட்டாள் அல்லவா. பார்க்க வந்தவர்களையெல்லாம் அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாள். "ஒரு எறும்பாவது கீதான்னு பாரு. கை சுத்தமா இருந்தா இப்டித்தான் நிக்கும்" என்பாள். தெருவில் நாலைந்து வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாகப் போனது. உன் கை இன்னா கைம்மா என்று பெண்கள் மெச்சினார்கள். எனக்கு மட்டும் அந்த அறைக்குள் போனால் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. எல்லா இடத்துக்கும் வருகிற எறும்பு இங்கே மட்டும் ஏன் வரவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நல்லா இருக்கிறதைப் பார்த்துக் கண் வைக்காதே என்று அம்மா என் தலையைச் சுற்றி உப்பு மிளகாய் போட்டாள்.

புரட்டாசி வாக்கில் மூடியின் ரப்பர் வளையம் ஊதிப்போய், விரலில் ஒட்டுகிற அளவுக்கு இளகியது. வெயிலில் இளகிவிட்டது என்றார்கள். வீட்டுக்குள் வெயில் எங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. அப்போது வளைகாப்பு முடிந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வயிறு நன்றாக முன்தள்ளி, முகம் தெளிந்து, நடக்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு முறை தாண்டாத மாதத்தைத் தாண்டிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. மூன்று வேளையும் அந்த ஊறுகாய் அவள் தட்டில் இருந்தது.

நான் அப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெயிண்ட்டில் கலக்கும் ஏதோ சரக்கு. என்ன சரக்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல், எப்போதும் போகாத பின்பக்கத்துக் கொட்டகைக்குள் நானும் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணும் ஓடிப்போய் நின்றோம். அங்கே இரண்டு பேர் ரப்பர் கையுறையும் மூக்கில் துணியுமாக ட்ரம்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூடியைத் திறந்தார்கள்.

கொய்யாப்பழம் அழுகிய வாசனை வந்தது.

கிட்டே போய் எட்டிப் பார்க்கப் போன என்னை அந்தப் பெண் கையைப் பிடித்து இழுத்தாள். "மோந்து கீந்து பாக்காத. கையில பட்டா தோலு உரிஞ்சிடும், அவ்ளோ பேஜாரு" என்றாள். கழுவினதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். வேறெங்கே, காயலான் கடைக்குத்தான் என்றாள். அதே நீலம், அதே இடுப்பு உயரம், மூடிக்குள் அதே கறுப்பு வளையம். ஒரு மூலையில் கழற்றிப் போட்டிருந்த வளையங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஊதி இளகி இருந்தன.

ஷேர் ஆட்டோவில் வீடு போய்ச் சேரும் வரை நான் கும்பிடாத சாமியில்லை. எங்கள் ட்ரம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும், வாசனை என் பிரமையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். வாசலில் விளக்கேற்றும் நேரம். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் அந்த நாவல்பழ நிறத்துத் துண்டு. தட்டைப் பிடுங்கினேன். சோறு தரையில் சிதறியது. பிள்ளைத்தாய்ச்சி தட்டைப் பிடுங்குகிறாயே பாவி என்று அம்மா அடிக்க வந்தாள். நான் கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நைனா ட்ரம் இருந்த அறையின் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அம்மா நம்பவில்லை. நான் என்னத்தையோ பார்த்து எதையோ உளறுகிறேன் என்றாள். எல்லோருக்கும் ஒத்துக்கொண்டது, யாருக்காவது ஒரு வயிற்றுவலி வந்ததா என்று கேட்டாள். மறுநாள் விடிந்து நான் கொல்லைப் பக்கம் போனபோது அவள் மதில் சுவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சுவர்மேல் இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் ஜாடி ஊறுகாய், மற்றதில் ட்ரம் ஊறுகாய். ஜாடி ஊறுகாயே கண்ணுக்குத் தெரியாதபடி எறும்பு மொய்த்திருந்தது. சுவரில் நீளமாகச் சாரி போட்டு வந்துகொண்டிருந்த எறும்புகள் ட்ரம் ஊறுகாய் இருந்த இலைக்கு ஒரு சாண் முன்னாலேயே வளைந்து, சுற்றிக்கொண்டு போயின.

"அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றாள் அம்மா. "வாயில்லாத சென்மத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பெத்தவ, எனக்குத் தெரியல."

கொடுத்த பண்டத்தைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் சாபம் விடுவதற்குச் சமம். அன்றைக்கு அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஊறுகாயைத் திருப்பிக் கொடுங்கள், அது கெட்டுப்போனது என்று கேட்டாள். எங்களுக்கு நல்லாத்தானே இருக்கு என்றார்கள். கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகிறாள், வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் காலிக் கிண்ணத்தைக் காட்டி, பிள்ளைங்க வழிச்சு நக்கிடுச்சுங்க, இன்னும் கொஞ்சம் கீதா என்று கேட்டார்கள். அங்கிருந்து அவளை நான் கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தேன்.

நைனா காயலான் கடைக்குப் போனார். ட்ரம்மில் என்ன இருந்தது என்று கடைக்காரனுக்குத் தெரியவில்லை. "நானா உன்ன ஊறுகா போட சொன்னேன்?" என்று கேட்டானாம். நியாயமான கேள்விதான். நான் என் சூப்பர்வைசரிடம் கேட்டேன். எங்கள் ட்ரம் எதுவும் கம்பெனியை விட்டு வெளியே போவதே இல்லை என்று அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரியில் நீல ட்ரம்கள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த வாரத்தோடு நான் வேலையை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோபிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. எதைச் சாப்பிட்டாள் என்று தெரிந்தால்தானே நான் ஏதாவது சொல்ல முடியும் என்றார். குழந்தை அசைகிறது, எடை கொஞ்சம் குறைவு, பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீடு மார்கழி வரை உயிரைக் கையில் பிடித்திருந்தது. நிலத்தின் மூலையில் ஆழமாகக் குழி வெட்டி நைனா ஊறுகாயைப் புதைத்தார். ட்ரம்மின் அடியைக் கடப்பாரையால் குத்தி வரப்போரம் போட்டார். மறுநாள் பார்த்தால் ட்ரம்மைக் காணோம். ஓட்டையைத் தார் வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துப் போனவன் நினைத்திருப்பான். எந்த வீட்டில் அது என்ன சுமந்துகொண்டு நிற்கிறதோ, நீல ட்ரம்மைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தேன்.

அக்கா அம்மாவைத் திட்டவில்லை, பேசவும் இல்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வயிற்றில் கை வைத்தபடி கிடப்பாள். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் முகம் வெளுத்துவிடும். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "அது அவ்ளோ ருசியா இருந்துச்சுடி. அதான் எனக்கு பயமா கீது."

பெண் குழந்தை பிறந்தது. சின்னதாக, கறுத்து, உடம்பெல்லாம் சுருக்கத்தோடு இருந்தது. அழுதது. அம்மா விரல்களை எண்ணினாள், காதுகளைத் தொட்டாள், திருப்பி முதுகைப் பார்த்தாள், மறுபடியும் விரல்களை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அக்கா பால் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். மார் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள், நர்ஸ் வந்து கத்தினாள், டாக்டரம்மா தாராளமாகக் கொடு என்றார். அவள் குழந்தையைத் தொடவே இல்லை. "அத்தினி மாசம் துன்னேனே. என் பால்ல அது கீதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனது.

அம்மா அப்போதுதான் எழுந்தாள். அக்கா இத்தனை நாளாகப் பேசாத அம்மா. பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் பாலைப் பீய்ச்சிவிடுவது வழக்கம்தானே, அதையாவது செய்யவிடு என்றாள். டம்ளர் மூடியில் கொஞ்சம் பீய்ச்சி எடுத்தாள். எல்லோரும் அதைக் கீழே ஊற்றப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அதைக் கொண்டுபோய் வார்டு ஜன்னலின் திட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் எதற்கு நிற்கிறாள் என்று எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நைனா கதவருகில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வெறும் ஜன்னல், வெறும் திட்டு, மத்தியான வெயில். வராது, வராது என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அப்புறம் சுவரின் விரிசலிலிருந்து ஒரு சிவப்பு எறும்பு தலையை நீட்டியது. நின்றது. சொட்டைச் சுற்றி வந்தது. வாயை வைத்தது. கொஞ்ச நேரத்தில் விரிசலே வாய் திறந்த மாதிரி வரிசை வரிசையாக வந்து சேர்ந்தன.

"வந்துச்சும்மா" என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "மொய்க்குது. குடு."

அக்கா என் கையிலிருந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். அது முட்டி மோதிக் கவ்விக்கொண்டது. எறும்பு டாக்டர் இல்லை, அது வந்ததால் எதுவும் நிரூபணம் ஆகிவிடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட இன்றைக்கும் எங்களுக்கு அந்த வாசனைதான் மூக்கில் அடிக்கிறது. ஆனாலும் அன்று நான் அழுதேன். வார்டைக் கூட்டும் அம்மாள் ஈரத்துணியோடு வந்து, ஜன்னலெல்லாம் எறும்பாகக் கிடக்கிறது, நகரு, துடைக்கிறேன் என்றாள். அம்மா இரண்டு கையையும் விரித்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். இருக்கட்டும், துடைக்காதே, அதுங்க குடித்துவிட்டுப் போகட்டும் என்றாள்.